கத்தாத பதினான்கு நாட்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. பள்ளிக்கு அரை நாள் லீவு, தொண்டை டாக்டர். ஒன்றரை மாதமாகக் கரகரப்பு. முந்தாநாளிலிருந்து வாயைத் திறந்தால் வெறும் காற்று.

மூக்கு வழியாக வயர் விட்டுப் பார்த்தார். குரல் நரம்பில் ஏதோ தடித்திருக்கிறதாம். கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு பத்து நாளில். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுவென்றும் கூடாது, அது இன்னும் கெடுதலாம்.

நர்ஸ்: "டீச்சருங்களா? பி.டி.யா? அப்ப சரிதான்."

மாமா (என் வீட்டுக்காரரை இதிலும் அப்படித்தான் எழுத வருகிறது) என் சார்பில் பேசினார். "அதோட கர்லிங் வேற ஆடுறா சார். டீம் கேப்டன்."

டாக்டர்: "தொடப்பத்த வச்சு ஐஸைப் பெருக்குவாங்களே, அதுதானே? அதுல எதுக்குங்க கத்தணும்?"

பதில் சொல்ல வாய் துடித்தது. அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆட்டத்தில் கேப்டன் கல்லைத் தரையில் வழுக்கி விடுகிற பக்கம் நிற்பதில்லை. எதிர்முனையில், வட்டத்துக்குள், பிரஷ்ஷை ஊன்றி நிற்பாள். எங்கே குறி, எவ்வளவு வேகம், எல்லாம் அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். வட்டத்தின் நடுவுக்குக் கிட்டத்தில் யார் கல்லோ, அவர்களுக்குப் பாயிண்ட். ஐஸில் என்றால், கல் இன்னும் தூரம் வழுக்க, அதற்கு முன்னால் இரண்டு பேர் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், தேய் என்றும் நிறுத்து என்றும் கத்த வேண்டும். கடலூரில் ஐஸ் ஏது. வருஷத்துக்கு ஒரு தடவை வடக்கே போனால் உண்டு. இங்கே கல்யாண மண்டபத்துக் கிரானைட் தரையும் அடியில் சக்கரம் வைத்த கல்லும்தான். எட்டு வருஷமாக நான் கேப்டன். எட்டு வருஷமாகக் கத்தல்.

16-ம் தேதி சனிக்கிழமை சேலம் டீமுடன் தேர்வு ஆட்டம், சிதம்பரத்தில். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்கிற டீம் குளிர்காலத்தில் ஐஸுக்குப் போகும்.

கிள்ளி எடுத்தது அந்த வியாதியாக இருந்தால்? பெயரை எழுத மாட்டேன். அது இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், குரல் இல்லாத கேப்டன் யாருக்கு வேண்டும். முப்பத்தெட்டு வயசு. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாங்க: சின்ன சிலேட்டு, சாக்பீஸ், தேன், மாமாவுக்கு பிரஷர் மாத்திரை.

நான் பேசாததால் மாமா என்னிடம் சத்தம் போட்டுப் பேசுகிறார். "கலா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்பது தெருமுனை வரை கேட்டிருக்கும். 'எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "சரி" என்று அதே சத்தத்தில் சொன்னார்.

பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புப் பயிற்சி. விசில் மட்டும். ஒன்பதாம் வகுப்பு வரிசை நூல் பிடித்த மாதிரி நின்றது. பின்வரிசையில் ஒருத்தி: "டீச்சர் செம கோவத்துல இருக்காங்கடி, பேசவே மாட்டேங்குறாங்க." பதினைந்து வருஷ சர்வீஸில் இது தெரியாமல் போயிற்றே.

டீக்கடையில், பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் நான் இல்லாத மாதிரியே பேசுகிறார்கள். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பார்கள் போல. சயின்ஸ் டீச்சர் டிரான்ஸ்ஃபர் கேட்டிருக்கிறாளாம். எனக்கெதற்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

பிராக்டிஸ். கடலூர் மண்டபம் முழுக்க எங்களுக்கு. ஆடி மாதம் ஊரில் கல்யாணம் கிடையாது, ஆகவே எங்களுக்கு இதுதான் சீசன். ஆவணி பிறந்தால் எங்கள் வட்டத்தின்மேல் பந்தி பாயை விரித்துவிடுவார்கள்.

நாலு பேரும் வந்தோம். ரேவதி, கம்மாபுரம், முதல் கல் விடுகிறவள், சின்னவள், பயந்த சுபாவம். நிஷா, தேவனாம்பட்டினம், வலை இழுத்து வளர்ந்த கை, அடித்துத் தூக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஜெனிபர், மங்கலம்பேட்டை, நர்ஸ், எனக்கு அடுத்த நிலை. கடைசிக் கல் நான்.

குரலுக்குப் பதில் சைகை வகுத்தோம். பிரஷ்ஷால் தரையில் கோடு இழுத்தால், இங்கே வந்து நில். கல்லின் தலையில் தட்டினால், இதை அடித்து வெளியே தள்ளு. பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தால், வேகம்.

நிஷா: "என்னாக்கா இது, ஜவான்ஸ் பவன்கிட்ட நிக்கிற டிராபிக் போலீஸ் மாதிரி இருக்கீங்க."

மூன்று மணி நேரம். நன்றாகத்தான் போயிற்று. எனக்குத்தான் கஷ்டம். ரேவதியின் கல் கை விட்டதும், "மெதுவா, மெதுவா" என்று தொண்டை வரை வரும். விழுங்கினேன்.

முடிந்து செருப்பு மாட்டும்போது மாடிப்படிக்கு அந்தப் பக்கம் ரேவதி, நிஷாவிடம்: "எவ்ளோ அமைதியா இருந்துச்சு பாத்தியா? இன்னிக்குத்தான் எனக்குக் கை நடுங்கல."

நிஷா: "ஏய், மெதுவா. அக்கா இருக்காங்க."

"அவுங்க போயிட்டாங்க."

போகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோபம். நாள் முழுக்கக் கோபம். இவளுக்கு முதன்முதலில் பிரஷ் பிடிக்கக் காட்டிக் கொடுத்தவள் நான். இவள் அப்பாவிடம் பேசி அனுமதி வாங்கியவள் நான். என் வாய் அடைத்தது இவளுக்கு அமைதியாம்.

மாமா சமைத்தார். ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை. எழுதிக்கூடக் காட்டவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் பிராக்டிஸ். வேண்டுமென்றே ரேவதியின் கல்லை மட்டும் குறித்துக்கொண்டேன். பத்தில் எட்டு வட்டத்துக்குள். போன மாதத்து நோட்டில் பார்த்தால் பத்தில் நாலு.

இன்னொன்றும் தோன்றியது, தலையில் யாரோ குட்டிய மாதிரி. ஐஸில் தேய்க்கிறவர்களுக்காகக் கத்துகிறோம். சரி. சக்கரக் கல்லுக்கு முன்னால் தேய்த்தாலும் ஒன்றுதான், தேய்க்காவிட்டாலும் ஒன்றுதான். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று சும்மா பிரஷ்ஷோடு கூட ஓடுகிறோம். கல் கையை விட்டபிறகு யார் என்ன கத்தினாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும். அப்படியானால் இத்தனை வருஷம் இந்த மண்டபத்தில் நான் யாரைப் பார்த்துக் கத்தினேன்? கல்லுக்குக் காது ஏது. இந்தப் பெண்களைப் பார்த்துத்தான்.

அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்வி.

இருந்தாலும் ஒன்று. கத்தல் போனால் என்னிடம் மிச்சம் என்ன? ஜெனிபர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறாள், பல வருஷமாகத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூக்கடைப்பு. இல்லை, அழுததால்.

மாமா பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார், என்னிடம் சொல்லாமல். சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி, "எது வந்தாலும் பாத்துக்கலாம் கலா. ஆனா ஒண்ணு. நீ திட்டாம வீடு வீடாவே இல்ல" என்றார். இந்தத் தடவை மெதுவாக.

காபியில் சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேகம். காற்று.

ரிசல்ட். அது இல்லை.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். அது இல்லை.

டாக்டர்: "கையில காய்ப்புக் காய்க்குதில்ல, அந்த மாதிரி நரம்புல காய்ச்சிருக்கு, அவ்ளோதான். தானா கொறையும். திங்கக்கிழமையிலிருந்து பேசலாம். மெதுவாத்தான். கத்துற வேலைய மட்டும் விட்டுடுங்க. மறுபடி கத்துனா மறுபடி வரும்."

மாமா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெளியே வந்து மரத்தடியில் பைக்கின்மேல் உட்கார்ந்து அழுதார், ஹெல்மெட்டைக் கழற்றாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கீழவீதியில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். நான் மூன்று வடை. பத்து நாளாகச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பைக்கில் திரும்பும்போது, பி.முட்லூர் தாண்டியதும், மெல்ல உறைத்தது. கத்துகிற வேலையை விட வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். அணிவகுப்புக்குக் குரல் கொடுத்தது பத்தாம் வகுப்பு மாணவத் தலைவி. ஒரு இடத்தில் இடமா வலமா என்று தடுமாறினாள். பிள்ளைகள் அவர்களாகவே சரியாகத் திரும்பினார்கள். மிட்டாய் மிச்சம், ஒரு பை.

சாயங்காலம் நல்ல மழை.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கடைசி. சிதம்பரம் மண்டபம். ராத்திரி மழைக்கு ஈசல் கொட்டியிருந்தது. பெருக்கியும் இறகு போகவில்லை. ஒரு இறகு சக்கரத்தில் சிக்கினால் கல் ஒரு முழம் தள்ளிப்போகும்.

முதல் ஆட்டம். நான் கேப்டன், சைகையோடு. கடைசி வரை சமம். நடுவட்டத்தில் எங்கள் கல், அதற்குப் பின்னால் சேலத்தின் கல் இரண்டு. நிஷாவின் முறை. முன்னால் வந்து மறைத்தால் போதும். எங்கள் கல்லின் தலையில் ஒரு ஈசல் இறகு ஒட்டியிருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டேன்.

தட்டினால் என்ன அர்த்தம் என்று வகுத்தவளே நான்தான்.

நிஷா சொன்னபடி செய்தாள். எங்கள் கல்லையே அடித்து வெளியே தூக்கினாள். அப்படி ஒரு அடி, இரண்டு கல்லும் மேடைப்படி வரை ஓடின. சேலத்துக்கு இரண்டு பாயிண்ட். அடுத்து வந்த எங்கள் கல் எதுவும் அதைச் சரிக்கட்டவில்லை. தோல்வி.

"நீங்கதானக்கா தட்டுனீங்க." நிஷாவின் முகம் செத்துப்போயிருந்தது.

போன மாதமாக இருந்தால் மண்டபக் கூரை பறந்திருக்கும். கத்த முடியாது என்பதால், யோசிக்க நேரம் கிடைத்தது. தப்பு என்மேல். சிலேட்டில் எழுதினேன்: 'இறகு. என் தப்பு.' நிஷா படித்துவிட்டு, நம்பாமல் மறுபடி படித்தாள்.

அழித்துவிட்டு எழுதினேன்: 'ஜெனிபர் வட்டத்துக்குப் போ. கடைசிக் கல்லும் நீ. முதல் கல் நான். இன்னிக்கு மட்டும்.'

ஜெனிபர்: "அக்கா, வேணாம்."

கடைசி வரியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். இன்னிக்கு மட்டும்.

ஜெனிபர் போய் நின்றாள். அவள் கத்தவில்லை. கேட்கிற அளவு மட்டும் குரல். "அக்கா, எனக்கு முன்னாடி ஒண்ணு வேணும். அவசரமில்ல." எட்டு வருஷத்தில் யாரும் எனக்கு அவசரமில்லை என்று சொன்னதில்லை. விட்டேன். அவள் கேட்ட இடத்தில் போய் நின்றது.

இரண்டாம் ஆட்டம் எங்களுக்கு, சுலபமாக.

மூன்றாவது. நான் என் இரண்டு கல்லையும் விட்டபின் ஓரமாக நிற்பதுதான் வேலை. கணக்கு என்னுடையதில்லை. கடைசிக் கல் என்னுடையதில்லை. தோள் தளர்ந்தே இருந்தது. தண்ணீர் குடித்தேன். ஆட்டத்தின் நடுவே எனக்குத் தாகம் எடுத்ததே முதல் தடவை என்று நினைக்கிறேன். ரேவதி இரண்டாவதாக விட்டு, இரண்டையும் வட்டத்துக்குள் வைத்தாள்.

கடைசிக் கல் ஜெனிபருடையது. அவள் விடப் போனதால் வட்டத்தில் நிஷா. கல் வந்தது. வேகம் போதாது என்று எனக்குத் தோன்றியது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். கல் என்னைத் தாண்டிப் போயிற்று, சேலத்துக் கல்லை உரசாமல் உள்ளே புகுந்தது, நின்றது. நூல் வைத்து அளந்தார்கள். நான்கு விரற்கடை.

ஜெயித்துவிட்டோம். நிஷா என்னைத் தூக்கிச் சுற்றினாள். "இன்னும் ரெண்டு வாரம் பேசாதீங்களேன்க்கா" என்றாள். ரேவதி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். நான் சிலேட்டில் எழுதினேன்: 'கேட்டுச்சு. போன வாரமும் கேட்டுச்சு.' ரேவதிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவள் கன்னத்தைத் தட்டினேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இதமான காற்று. பஸ்ஸில் ஜன்னலோர சீட்.

இன்றிலிருந்து பேசலாம். காலையில் மாமா எதிரில் வந்து உட்கார்ந்து, "எதாவது சொல்லு" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு பஸ் பிடித்தேன். பாவம்.

பதினோரு மணிக்கு ஜெனிபர் போனில் படம் அனுப்பியிருந்தாள். ஐஸ் போட்டிக்கு அனுப்ப வேண்டிய படிவம், எல்லாம் நிரப்பி. கேப்டன் என்ற இடத்தில் என் பெயர். கீழே அவள் எழுதியது: 'இன்னைக்கு மட்டும்னு சொன்னீங்கல்லக்கா.'

அடுத்த பீரியட் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கோ-கோ ஆடினார்கள். என் பெயர் அந்த இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்கத் தோள் மறுபடி இறுகிற்று. அது எனக்கே தெரிந்தது.

என் போனில் சார்ஜ் போய்விட்டது. ஆபீஸ் போனிலிருந்து ஜெனிபரைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுத்தாள். பதினான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. டாக்டர் சொன்ன மாதிரி மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்வது போல:

"கேப்டன் எடத்துல உன் பேரப் போடு ஜெனி. எனக்கு மொதல் கல்லு போதும்."

அந்தப் பக்கம் ஜெனிபர், தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு:

"மன்னிச்சுக்குங்க, யாரு பேசுறீங்க?"