பெட்டியில போட்ட பேர்

கொட்டாஞ்சேனை,
14.03.2008

அன்புள்ள மாமிக்கு,

இண்டைக்குப் பின்னேரம் நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. பயப்படாதேங்கோ, நல்ல செய்திதான். கீழ்வீட்டுக் குசுமா அக்காவின்ர மகன் சமிந்த, அந்த ஆமிக்காரன், உயிரோட இருக்கிறான். காலில மட்டும் காயமாம். அவவிட்டப் போன் இல்லாததால என்ர நம்பரைத்தான் குடுத்து வைச்சவ. உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி?

போன வெள்ளி சிலுவைப்பாதை முடிய, கோயில் ஹோலில யுத்தப்படம் ஒண்டு போட்டவை. புரொஜெக்டருக்கு நான்தான். அதில ஒருத்தன் காயப்பட்ட எதிரிக்குத் தண்ணி பருக்கிறான். "படத்தில லேசு, ஃபாதர்" எண்டன்.

"அப்ப நீர் ஒரு எதிரியின்ர பேரை எழுதிக் கோயில் மன்றாட்டுப் பெட்டியில போடும், செபிப்பம்" எண்டார்.

உங்கட மகளை, என்ர ஐறீனைக் கொன்ற ஷெல்லை அடிச்சவன்ர பேர் எனக்கெங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ஆமிக்காரன் ஒருத்தன்தான். கோவத்தில சமிந்த எண்டு எழுதிப் போட்டன். திங்கக்கிழமை அவனைக் காணேல்லை எண்டு அறிவிச்சாங்கள். என்னாலதான் எண்டு நாலு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை, மாமி.

"மகே புத்தா இன்னவா, மல்லி!" என்ர மகன் இருக்கிறான் தம்பி எண்டு சிங்களத்தில சொல்லிக் குசுமா அக்கா என்ர கையைப் பிடிச்சு அழுதா. நானும் அழுதன். ஐறீன்ர செத்தவீட்டிலயும் வராத அழுகை. உங்களுக்குக் கோவமெண்டா ஒளிக்காம எழுதுங்கோ.

ஐறீன்ர தையல்பெட்டியில வெள்ளைப் பட்டன் இருந்தா ரெண்டு அனுப்புங்கோ. என்ர சேட்டுகளுக்கு அவ தைச்ச மாதிரிப் பட்டன் இங்க இல்லை.

தபாலுக்குப் பிந்துது. இண்டைக்கு இந்தச் செய்தி மட்டும் போதும் எண்டு போனை நிப்பாட்டிப்போட்டன்.

உங்கட மருமகன்,
ஒஸ்வால்ட்