வில்வ முத்திரைத் தீவில் இருக்கும் வினோதினிக்கு

2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை மணி 10.20. இதுவரை கிழிபட்ட தாள் மூன்று, இது நான்காவது.

அன்பு மகள் வினோதினிக்கு, வேங்கிக்காலிலிருந்து அப்பா சடையன் சொல்லி அனுப்புவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே உன் நலமறிய ஆவல் என்று எழுதச் சொன்னார், நேற்று நீ ஸ்டேட்டஸில் வறுத்த மீன் போட்டிருந்தாய், அதிலேயே உன் நலம் தெரிந்தது, இருந்தாலும் எழுதிவிட்டேன். சொல்வது அப்பா, எழுதுவது தம்பி மணிவேல். முதல் தாளில் அவர் சொன்னதற்குப் பக்கத்திலேயே நான் திருத்தம் போட்டேன், கிழித்தார். இரண்டாவதில் திருத்தம் போடவில்லை, சிரித்தேன், கிழித்தார். மூன்றாவதை நானே கிழித்தேன். இப்போது அம்மா நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்வதும் இருக்கட்டும் நீ நினைக்கிறதும் இருக்கட்டும், படித்துப் பார்த்து நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பஞ்சாயத்து செய்திருக்கிறாள். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு நீ பேசிக்கொண்டிருந்தபோதே அப்பா போனை வைத்தாரே, அன்றிலிருந்து உன்னோடு பேசுவதில்லை என்று வைராக்கியம். கடிதம் பேச்சில் சேராதாம்.

விஷயம் ஒன்றுதான். அங்கே மான்செராட் ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் வேலைக்கான இரண்டு வருட ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று வரும் வெள்ளிக்கிழமை 14ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்பா சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறாய். அப்பா சரி சொல்லவில்லை. அதற்குக் காரணம் நீ இல்லை அக்கா, நான்.

நீ போன புதிதில் பாஸ்போர்ட் முத்திரையைப் படம் எடுத்து அனுப்பினாய் அல்லவா, பச்சையாக மூன்று இலை, அதைப் பார்த்த நிமிடமே அப்பா வில்வம் என்று முடிவு செய்துவிட்டார். அந்தக் காலத்தில் அயர்லாந்துக்காரர்கள் அந்தக் கரீபியன் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள், அது அவர்கள் ஊர்ச் செடியின் இலை என்று மூன்று முறை விளக்கினேன். மூணு இலை இருக்குதா, இருக்குது, அது எரிமலைதானே, மலையில நெருப்பு இருக்குதா, இருக்குது, அப்புறம் இன்னாடா அயர்லாந்து என்றார். அதிலிருந்து இரண்டு வருடமாக எதிர்வீட்டு சக்கரவர்த்தி உட்படத் தெருவுக்கே தெரியும், சடையன் மகள் இன்னொரு அக்னி மலையின் அடிவாரத்தில் உத்தியோகம் பார்க்கிறாள், அங்கே விமான நிலையத்திலேயே வில்வம் குத்தி உள்ளே விடுகிறார்கள். அவருக்கு அந்தத் தீவின் ஜனத்தொகை நாலாயிரத்து சொச்சம் என்பதும் பிடித்திருந்தது, பௌர்ணமியில் நம்ம செங்கம் ரோட்டில் அரை மணி நேரத்தில் கடந்து போகிற கூட்டம், அமைதியான இடம் என்பார். நீளம் பதினாறு கிலோமீட்டர் என்றேன். முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர் இல்லையா, இங்கிருந்து கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருவதற்குள் தீவு முடிந்து கடல் வந்துவிடும், அதில் எங்கே மூன்றாவது கியர் போடுவது என்று டிரைவர்களுக்காகத்தான் வருத்தப்பட்டார்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது, இவ்ளோ நாளா இருக்குறாளே, அந்த மலைய ஒரு தபாவாவது சுத்தி வந்தாளான்னு கேட்டியாடா என்றார். நானும் சர்வே வேலையில் நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தேன், பொறுமை இல்லை. சுற்ற முடியாதுப்பா, தெற்குப் பாதிக்குள் யாரும் போகக் கூடாது, 1995இல் மலை வெடிக்க ஆரம்பித்தது, தலைநகரம் பிளிமத் சாம்பலுக்கு அடியில் போய்விட்டது, ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கு தீவை விட்டே போய்விட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி, போதாததற்குப் போனில் வீடியோவும் காட்டினேன், மாடி வீட்டின் கூரை மட்டும் வெளியே தெரிகிற வீடியோ. இரண்டு முறை பார்த்தார். தட்டில் பாதி அப்படியே இருக்க எழுந்து கை கழுவினார். ஒரு விஷயம் தெரிந்தால் சொல்லிவிடுவது என் வழக்கம், எப்போது சொல்வது என்பது டிப்ளமோ பாடத்தில் இல்லை. மறுநாள் நீ ஒப்பந்தத்தை நீட்டுவது பற்றிப் பேசினாய், அவர் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டு வைத்தார். 2010க்குப் பிறகு எரிமலைக் குழம்பு எதுவும் வெளியே வரவில்லை, வெறும் ஆவியும் வாயுவும்தான் என்று அப்புறம் சொன்னேன். பதினஞ்சு வருஷமா நிறுத்தி வெச்சிருக்காங்க, ஆனா இஞ்சின் ஆஃப் பண்ணல, அந்த வண்டிக்குப் பக்கத்துல எம் பொண்ணத் தூங்கச் சொல்றியா என்றார்.

பிறகு, உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு. யாருக்கு எழுதுவது என்றே ஒரு வாரம் போனது, ஏனென்றால் அங்கே அரசாங்கம் எப்படி என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. மான்செராட் தனி நாடு இல்லை, பிரிட்டனைச் சேர்ந்த பிரதேசம், ராஜா நியமிக்கிற கவர்னர் ஒருவர், ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஒன்பது உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் பிரீமியர், அதாவது முதலமைச்சர் மாதிரி. அப்பா இதில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். ஒன்று, அவங்க இன்னும் சுதந்திரம் வாங்கலையா, யாரும் கேக்கலையா என்பது. இரண்டு, நம்ம ஊருக்கே முப்பத்தொன்பது வார்டு, ஒம்போது பேர்ல ஆளுங்கட்சி எது எதிர்க்கட்சி எது, சண்டை போடவே ஆள் பத்தாதே என்பது. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் லண்டனிலிருந்து வருகிறது என்றதும், அப்ப மாமனார் வீட்டு சீர்ல ஓடுற குடும்பம், மருமகன் குரல் எழும்பாது, முதலமைச்சர்கிட்ட குடுத்து பிரயோஜனமில்ல என்று தீர்ப்புச் சொன்னார். சக்கரவர்த்தி அந்தக் காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர். கவர்னரும் முதலமைச்சரும் சேர்ந்து இருக்கிற இடத்துல யார்கிட்ட குடுத்தாலும் இன்னொருத்தருக்கு அனுப்புவாங்க சடையா, நாம கலெக்டர்கிட்டயே குடுப்போம், அவர் பார்த்து ராஜாவுக்கு எழுதட்டும் என்றார். இரண்டு பேரும் போன திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தார்கள். நான் தடுக்கவில்லை, வேலைக்குப் போயிருந்தேன்.

நான்கு பக்க மனு. அதில் ஒரு முழுப் பக்கம் தீவின் பொருளாதாரம், அதுவும் என் வாயிலிருந்து பிடுங்கியதுதான், மலை கக்கிய மணலை அள்ளிக் கப்பலில் ஏற்றிப் பக்கத்துத் தீவுகளுக்கு விற்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். சக்கரவர்த்தி அதையே தலைப்பில் போட்டுவிட்டார், பொருள்: மலையடிவாரத்தில் மணல் அள்ளுதல் மற்றும் மகளை மீட்டல் தொடர்பாக. அப்படி எழுதினால் யாருக்குப் போகும், கனிமம் பார்க்கிறவர்களுக்குத்தான் போகும், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வியாழக்கிழமை கீதாஞ்சலி என்று ஒரு அதிகாரி போன் செய்தார். எந்த ஊர் மலை ஐயா, சர்வே நம்பர் என்ன, லாரியில அள்றாங்களா டிராக்டரா என்று கேட்டார். கப்பல்மா என்றார் அப்பா. திருவண்ணாமலை மாவட்டத்துல கப்பலா ஐயா என்று மறுபடி மரியாதையாகவே கேட்டார். பத்து நிமிடம் ஆனது அவருக்குப் புரிய. அவர் மண்ணியல் படித்தவர் போலிருக்கிறது, சிரிக்கவில்லை, அந்த மலையைக் கவனிக்கவே அங்கே ஒரு ஆய்வு மையம் இருக்கு, கருவி வெச்சு ராத்திரி பகலா பார்த்துக்கிட்டே இருக்காங்க, உங்க பொண்ணு இருக்கிறது பாதுகாப்பான வடக்குப் பக்கம், பயப்படாதீங்க என்றார். நல்ல பிள்ளை என்று அப்பா பாராட்டினார், ஆனால் மசியவில்லை. டெம்பரேச்சர் மீட்டர் வேலை செஞ்ச வண்டிங்கதான் எங்கிட்ட ஜாஸ்தி கொதிச்சு நின்னிருக்குது என்றார்.

அவரை அசைத்தது அம்மா. வெள்ளிக்கிழமை வேர்க்கடலை உடைத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். போன கார்த்திகை மழையில நம்ம மலை சரிஞ்சு ஏழு உசிரு போச்சே, அன்னிக்கு அவ போன் போட்டு எப்படி அழுதா, பையத் தூக்கினு கெளம்பி எங்கனா போயிடுங்கப்பான்னு. நீங்க இன்னா சொன்னீங்க, மலைய உட்டுட்டு எங்கடி போறதுன்னு சொன்னீங்க. அவ உங்க மேல மனு குடுத்தாளா என்று கேட்டாள். அப்பா எழுந்து வெளியே போய், வண்டி இல்லாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, ஒரு பேப்பரை எடுத்து அவ இருக்குற எடத்த வரைடா, சரியா வரை என்றார்.

வரைந்தேன். அளவோடு வரைந்தேன், அதுதானே என் தொழில். நடுவுக்குத் தெற்கே மலை, அதற்குக் கீழே புதைந்த ஊர், குறுக்கே ஒரு கோடு, வடக்கே உன் ஆஸ்பத்திரி, உன் அறை. மலை வாயிலிருந்து அவ ரூமு எவ்ளோ தூரம் என்றார். எட்டு கிலோமீட்டருக்கு மேல் என்றேன். நம்ம வீட்டிலேர்ந்து நம்ம மலை உச்சி என்றார். நேர்கோட்டில் நாலு இருக்கும் என்றேன். நாலா என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு அந்தக் கோட்டுக்குத் தெற்கே விரலை வைத்து, இங்க இருந்தவங்கள்லாம் எங்க போனாங்க என்றார். அப்போதுதான் அம்மா நீ முன்பு சொன்னதை ஞாபகப்படுத்தினாள், உன் வார்டில் இருக்கும் அந்த முன்னாள் பஸ் டிரைவர், சாம்பலில் புதைந்துபோன தன் வண்டியின் சாவியை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறாரே, அவர் பிளிமத்துக்காரர், தீவை விட்டுப் போகாமல் வடக்கே வந்து தங்கியவர். எனக்கு இது தெரியாது, நீ என்னிடம் சொன்னதில்லை. அப்பாவுக்கும் தெரியாது. சாவியையா, என்ன வண்டி அது என்றார், யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு யார் ஊசி போடுறது என்றார். அவதான் என்றாள் அம்மா. அப்பா படத்தை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார், சரி, எழுதுடா என்றார். அதுதான் இந்தக் கடிதம்.

ஆகவே அப்பா சொல்வது: கையெழுத்துப் போடு. இரண்டு வருடம்தான், மூன்றாவது வருடத்துக்கு வேறு கடிதம் வேண்டும். தெற்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. அபாயச் சங்கு ஊதினால் நர்ஸ் வேலை என்று நிற்காமல் நோயாளிகளையும் கூட்டிக்கொண்டு ஓடு. மலையைச் சுற்ற வழி அடைத்திருக்கிறது என்பதால் உனக்குப் பதிலாகப் பௌர்ணமிக்கு அவரே கிரிவலம் போகப் போகிறாராம், பதினாலு கிலோமீட்டர், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அம்மா சொல்வது: உங்கள் ஊர் விசேஷ சாப்பாட்டுக்கு ஆட்டுத் தண்ணி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது நம்ம ஆட்டுக் குழம்பு போலத்தானே, காரம் போதவில்லை என்றால் நான் அனுப்பும் மிளகாய்த்தூளைப் போட்டுக்கொள். மலைக்கோழி என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது தவளை என்று மணி சொல்கிறான், அதுவும் இப்போது அழிந்துவருகிறதாம், பாவம், விட்டுவிடு. தலைக்கு எண்ணெய் வை. டிசம்பர் 3 தீபம், இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் உனக்குக் காலை எட்டரை, அந்த நேரம் எந்த வேலை இருந்தாலும் ஒரு நிமிடம் உன் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிடு. நாங்கள் இங்கே மொட்டை மாடியில் நிற்போம்.

அப்பா கடைசியாகச் சொல்வது: எந்த மலை எப்படிப் புகைந்தாலும் என் பெண்ணின் தலையில் ஒரு தூசு விழக் கூடாது, நீ தொடுகிற நோயாளி எழுந்து நடக்க வேண்டும், அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் அந்த வில்வ ஊரிலும் உனக்குத் துணை நிற்பார்கள். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை, மறக்காதே.

இப்படிக்கு,
சடையன், 11.55
(நேரம் அவரே போட்டார், டிரிப் ஷீட் பழக்கம்)
ஆதிலட்சுமி

அம்மா படித்து முடித்துவிட்டாள், அதனால் கீழே இருப்பது என் கணக்கு. நான் அடுத்துச் செய்யப்போவது:

1. இதைப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்புவது, அசலை நாளை பார்சலோடு தபாலில் சேர்ப்பது.

2. பார்சல் படிவத்தில் மிளகாய்த்தூள், விபூதி, அண்ணாமலையார் படம் போட்ட சாவி வளையம் ஒன்று என்று எழுதுவது. வளையம் உனக்கு இல்லை, அந்த டிரைவருக்கு. அப்பா தன் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது.

3. கீதாஞ்சலி மேடத்துக்குப் போன் செய்து, மனுவை முடித்துவிடலாம், மணலில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்வது.

4. சாப்பிடும்போது அப்பாவுக்கு எந்த வீடியோவும் காட்டாமல் இருப்பது.

5. டிசம்பர் 4 பௌர்ணமி அன்று அப்பாவை ரமணாசிரமம் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, பதினாலு கிலோமீட்டரும் உன் பெயரில் நான் நடப்பது. செருப்பில்லாமல். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். ஆனால் வீடியோவைக் காட்டினவன் நான்தானே.