அப்பா கழற்றிக் கொடுத்த சாவிப் பூட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் எதற்குப் பூசி மெழுக வேண்டும், அப்பா சௌக்கியமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை மத்தியானம் என்னிடம் சொல்லாமல் நம் பழைய காரை எடுத்துக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார், உன்னைக் கூட்டி வர. நீ படித்து முடித்தே இருபது வருஷம் ஆகிறது. நீ வரவில்லை என்ற பதற்றத்தில் திரும்பும்போது வண்டியை நடைபாதையில் ஏற்றிவிட்டார், ஒரு சின்னப் பெண் மயிரிழையில் தப்பினாள். இனி அவர் ஓட்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன், ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா? சாவியை ஒளித்தேன், எங்கிருந்தோ இன்னொன்றைத் தேடி எடுத்தார். காலையில் சாப்பிட்டோமா என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை, ஆனால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தால் ஐந்தே நிமிஷத்தில் மாட்டிவிடுகிறார். எவனோ அரைகுறை வேலை பார்த்திருக்கிறான் என்று திட்டித் தீர்த்தார், நானும் கூடவே ஆமாம் போட்டேன்.

அப்பாவின் பட்டறையை இப்போது பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் சாவிப் பூட்டையே எடுத்துவிடு என்று கெஞ்சினேன். அண்ணன் வண்டியில் அதை என் கையால் செய்ய மாட்டேன் அண்ணி என்று சொல்லிவிட்டான், வழியை மட்டும் போனில் சொன்னான். நேற்று மத்தியானம் அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மூக்குக் கண்ணாடியும் திருப்புளியுமாக வண்டிக்குள் உட்கார்ந்தேன். மேல் மூடியின் நாலு ஸ்க்ரூவும் வந்துவிட்டன, பூட்டு மட்டும் அசைவேனா என்றது. கதவுப் பக்கம் நிழல் தெரிந்தது, திரும்பினால் அப்பா. அவர் கோபிக்கவில்லை, என்ன வேலை என்று கேட்டார். வீட்டுக்காரர் வண்டி எடுக்காதபடி இதைக் கழற்றணும் என்று உளறினேன், என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். சாவியைப் போட்டு ஒரு கட்டம் திருப்பினார், என் கொண்டை ஊசியை வாங்கி நிமிர்த்தி அடியில் இருந்த சின்ன ஓட்டைக்குள் அழுத்தினார், பூட்டு சாவியோடு அப்படியே கையில் வந்தது. அதைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, பட்டறைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே மரியாதையோடு, "பத்திரமா வச்சுக்கோங்கம்மா, இது இல்லாம உங்க வீட்டுக்காரர் வண்டிய எடுக்க முடியாது" என்றார். நாற்பத்தொரு வருஷத்தில் என்னை ஒரு நாளும் அவர் நீங்க என்று சொன்னதில்லை. நான் எப்போதும் போலச் சரிங்க என்று வாங்கிக்கொண்டேன். அவர் கையாலேயே அவர் வண்டியைப் பறித்துவிட்டேனே, இதை உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. அப்பாவிடம் வண்டிப் பேச்சை எடுக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது விமான நிலையத்தில் வாடகைக் கார் பிடித்து நேரே வீட்டுக்கு வந்துவிடு, பழைய ஞாபகத்தில் வெளியே நின்று அப்பாவைத் தேடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா