மூன்றாவது ஆள் நிற்கும் இடம்

ஜனவரி 12

அன்புள்ள ஆமைக்கு,

நலம்தானே? போனில் பேச வேண்டாம், கடிதம் எழுதிக்கொள்வோம் என்று பிரியும்போது சொன்னது நான். எட்டு மாதமாக எழுதாமல் இருந்ததும் நான். திட்டுவதென்றால் இந்த இடத்திலேயே திட்டிவிட்டு மேலே படி.

என் தம்பி சைக்கிளை விட்டுவிட்டான். தொப்பை வந்தது, மகள் பிறந்தாள். எது முதலில் என்று அவன் மனைவிக்கே தெரியவில்லை. அந்த நீல சைக்கிள் இப்போது என் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது. காலையில் எழுந்தால் பெடல் முழங்காலில் இடிக்கிறது.

இடித்து இடித்து ஒரு யோசனை வந்துவிட்டது. நம் ஏரியில், அக்டோபரில், நெடுந்தூர டிரையத்லான். நீ நீந்த, தம்பி சைக்கிள் மிதிக்க, நான் ஓட என்று நாம் மூவரும் பங்கு போட்டுக்கொண்டோமே, அதைப் போல இரண்டு மடங்கு தூரம். மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும்.

அந்த ஆள் நான்.

சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள்.

ஓட்டம் எனக்கு வரும். சைக்கிளும் வந்துவிடும், ரத்தத்தில் இருக்கிறது. தண்ணீர்தான். நீந்தத் தெரியும், ஆனால் நம்பத் தெரியாது. பேர் கொடுக்க ஜூன் கடைசிவரை நேரம் இருக்கிறது. அதற்குள் தயாராகிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு நானே சொல்லிக்கொண்டால் நம்ப மாட்டேன். தண்ணீர் விஷயத்தில் உன் வார்த்தையைத் தவிர யார் வார்த்தையையும் நம்பியதில்லை. நீ சொல். 'தயார்' என்று நீ எழுதிய அன்று பேர் கொடுக்கிறேன்.

இது கணவனுக்கு எழுதும் கடிதம் இல்லை. நீச்சல்காரனுக்கு.

அன்புடன்,
குதிகால்

*

ஜனவரி 25

அன்புள்ள குதிகாலுக்கு,

திட்டிவிட்டுத்தான் மேலே படித்தேன். வலது குதிகால் எப்படி இருக்கிறது? அதற்குப் போட வேண்டிய களிம்பு இங்கே அலமாரியில் காய்ந்து கல்லாகிவிட்டது. கதவுக்குப் பின்னால், ஓடும்போது நீ போடும் வெள்ளைத் தொப்பி இன்னும் தொங்குகிறது. தூசி தட்டுவேன், எடுத்து வைக்க மாட்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மச்சானுக்குத் தொப்பையா? நம்ப மாட்டேன். போட்டோ அனுப்பச் சொல்.

வேலை அதேதான். சத்தம் புகாத பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். உனக்கு ஒன்று சொன்னதில்லை. நான் எந்த ஒலியும் அனுப்பாதபோதே சிலர் கையைத் தூக்குவார்கள். பொய் சொல்வதில்லை. தேறிவிட வேண்டும் என்ற ஆசையில் அவர்களுக்கு நிஜமாகவே கேட்டுவிடுகிறது.

தயார் என்பதும் அப்படித்தான் கேட்கும். கவனம்.

குளத்தில் நீந்துகிறவர்கள் உண்மையில் சுவரிலிருந்து சுவருக்குப் போகிறார்கள். உன்னையும் பார்த்திருக்கிறேன், சுவரைத் தொட்டதும் உன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஏரியில் சுவர் இல்லை. தரை தெரியாத தண்ணீரில், துணைக்கு ஒரு படகை வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் நீந்து. பிறகு எழுது.

எழுது.

ஆமை

*

மார்ச் 9

அன்புள்ள ஆமைக்கு,

தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம். முடித்துவிட்டேன்.

அழகாக முடிக்கவில்லை. பாதியில் கீழே பார்த்தேன். பச்சை, அதற்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே என்ன என்று மனம் கேட்டது. அவ்வளவுதான், மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. படகில் தம்பி. மடியில் பிஸ்கட் பாக்கெட்.

"அக்கா, ஏறிக்கிறியா?"

"வேணாம்."

"முகம் வெளிறிப்போச்சு."

"வாயை மூடிட்டு பிஸ்கட் தின்னுடா."

அப்புறம் ஒன்று நடந்தது. என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீருக்குள் அந்தக் குரல் எனக்கே கேட்டது. "பயப்படாதீங்க. காத்து உள்ளே வந்துட்டுதான் இருக்கு. கதவைத் தள்ளாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மிதந்தேன். காற்று வந்தது. மீதியை நீந்தினேன்.

கரையேறியபோது நம் முதல் போட்டி ஞாபகம் வந்தது. நீ ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட ஓடி வந்து மண்டியிட்டு, நேரத்தைக் கணக்கிடும் அந்தப் பட்டையை உன் கணுக்காலிலிருந்து கழற்றித் தம்பியின் காலில் கட்டினாய். நடுக்கத்தில் தலைகீழாகக் கட்டிவிட்டாய். தொண்ணூறு கிலோமீட்டர் அது அவனைக் குத்தியிருக்கிறது. அவன் வந்து என் காலில் கட்டும்போது ஒரே வசவு. உன் பரம்பரையையே இழுத்தான்.

தயாரா நான்?

குதிகால்

*

மார்ச் 27

அன்புள்ள குதிகாலுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். பிஸ்கட் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேல்வீட்டுக்காரர் மறுநாள் படியில் நிறுத்தி, "வீட்ல ஆள் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். கடிதம் வந்திருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தப் பட்டை தலைகீழாக இருந்ததற்கு நடுக்கம் காரணமில்லை. குனிந்தபோது தூரத்தில் நீ நிற்பது தெரிந்தது. ஓட்டக்காரர்கள் காத்திருக்கும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்ற காலை உதறிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டே கட்டினேன்.

தண்ணீர் பரவாயில்லை. ஆனால் அமைதியான நாளில் நீந்தியிருக்கிறாய். காற்றடிக்கும் நாளில் ஒருமுறை நீந்திப் பார். அலை வாயில் அடிக்கும்போது மறுபக்கம் திரும்பி மூச்செடுக்க வேண்டும், உனக்கு இடப்பக்கம் வராது. சைக்கிளில் நீண்ட தூரம் போய், இறங்கிய கையோடு ஓடவும் வேண்டும். மழையில் செய்தால் நல்லது.

பிறகு எழுது. தம்பி மகளுக்கு என் முத்தங்கள். அவளுக்கு நான் யார் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

ஆமை

*

மே 18

அன்புள்ள ஆமைக்கு,

காற்று, இடப்பக்க மூச்சு, மழை, இறங்கிய கையோடு ஓட்டம். எல்லாம் ஆயிற்று. சைக்கிளிலிருந்து இறங்கினால் கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தவை போல இருக்கின்றன. கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் என்னுடையவை ஆகின்றன.

தம்பி மகளுக்கு நீ மாமா. வேறு யார்?

மழையில் மிதித்துக்கொண்டு போனபோது, நான் ஏன் வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்பது புரிந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு உன்னிடம் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நமக்குள் சண்டையில்லை. யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை.

அத்தனை போட்டியிலும் நான் மூன்றாவது ஆள். ஆரம்பத்தைப் பார்த்ததே இல்லை. நீ இருட்டில் கிளம்பிப் போவாய். நான் கம்பி வேலிக்குள் நிற்பேன். வெயில் ஏறும். அங்கே நிழல் கிடையாது. பாதி நாள் நின்ற பிறகு தம்பி வந்து, "மகாராணி, காலை நீட்டுங்க" என்று பட்டையைக் கட்டுவான். உன் ஈரம், அவன் வியர்வை. நான் ஓடத் தொடங்கும்போது அது ஏற்கெனவே பழைய நாள். முடிவில் நீ நிற்பாய், குளித்து, தலை வாரி, தூங்கி எழுந்த முகத்துடன். "ஏன் இப்படிச் சிவந்துபோய் இருக்கே?" என்பாய்.

வீடும் அப்படித்தான் இருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மேசை, எல்லாம் நீ தொடங்கியவை. நல்லவைதான். நான் வந்து முடித்துக்கொடுத்தேன்.

குற்றம் சொல்லவில்லை. ஆரம்பம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் நெருங்குகிறது. தம்பி கேட்கிறான்: "நீ தயாராகி எத்தனையோ நாளாச்சு. யார்கிட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டிருக்கே?"

ஒரே வார்த்தை. எழுது.

குதிகால்

*

ஜூன் 10

அன்புள்ள குதிகாலுக்கு,

வேலிக்குள் நிழல் இல்லை என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஐந்து வருடம் நீ அங்கே நின்றிருக்கிறாய். ஒருமுறை நடந்து வந்து பார்த்திருக்கலாம். மரத்தடியில் தூங்கினேன்.

இதற்குமேல் எழுதி அழித்தேன். மூன்று தாள் போயிற்று.

இன்னும் ஒன்று மட்டும். ஒரு நாள் முழுக்கத் தனியாகப் போய் வா. தம்பி இல்லாமல். களைப்பு வந்த பிறகு என்ன யோசிக்கிறாய் என்று கவனி. அதை எழுது. அப்புறம் சொல்கிறேன்.

ஆமை

*

ஜூன் 19

ஆமைக்கு,

போக மாட்டேன்.

ஒவ்வொரு முறை நான் கை தூக்கும்போதும் நீ இன்னும் மெல்லிய ஒலி ஒன்றை அனுப்புகிறாய். என் காதைச் சோதிக்கிறாயா, பெட்டிக் கதவைத் திறக்க மனமில்லையா?

நேற்று பேர் கொடுத்துவிட்டேன். உன் வார்த்தை வராமலே. படிவத்தில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன், நீ பட்டையைத் தலைகீழாகக் கட்டினாயே, அதுபோல.

கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

குதிகால்

*

ஜூலை 2

அன்புள்ள குதிகாலுக்கு,

மாதம் ஒருமுறை ஒரு பெரியவர் வருகிறார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலிக்கும் சரியாகக் கை தூக்குவார். காதில் ஒரு குறையும் இல்லை. முதல் மாதமே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் அவர் கை தூக்குவதற்காகவே காத்திருக்கிறான். அவருக்கு வேறெங்கும் அப்படி யாரும் இல்லை. "அடுத்த மாசம் எப்ப வரட்டும்?" என்பார். நானும் தேதி கொடுத்தனுப்புகிறேன்.

நீ மார்ச்சிலேயே தயார். மிதந்தேன், காற்று வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே.

அதை எழுதியிருந்தால் நீ மறுபடி எழுதியிருக்க மாட்டாய்.

அக்டோபரில் கரைக்கு வரட்டுமா? வா என்றால் வருகிறேன். ஒன்றும் எழுதாவிட்டால் வரமாட்டேன். இரண்டுக்கும் நான் தயார் என்று எழுத ஆசை. கேட்காத ஒலிக்குக் கை தூக்கக் கூடாது.

ஆமை

*

அக்டோபர் 23

அன்புள்ள ஆமைக்கு,

உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நீயும் வரவில்லை. சரியாகத்தான் செய்தாய். இருந்தும் மரத்தடியைப் பார்த்தேன். இரண்டு முறை.

ஆரம்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஏன் என்னிடம் சொன்னதே இல்லை? விடிவதற்கு முன் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு சத்தமில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள், என்னைவிட வயதில் மூத்தவர், கேட்டார்: "முதல் தடவையா?" "ஆமாங்க." "பயமா இருக்கா?" "இருக்கு." "எனக்கும்தான். இது அஞ்சாவது." மணி அடித்தது.

கீழே பச்சை, அதற்குக் கீழே கறுப்பு. நான் லைனிலேயே இருந்தேன்.

சைக்கிளில் மதியம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாலை, வாழைப்பழம், சாலை.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். சைக்கிளை வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஓடுகிற ஷூவை மாட்டினேன். பிறகு நின்றேன். வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் வந்து ஆட்கள் ஓடிப்போகிறார்கள். ஒரு தொண்டர் ஓடி வந்து, "என்னம்மா, கால் பிடிச்சிடுச்சா?" என்றார். யாரோ வந்து குனிவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி, தோளில் மகளை வைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அக்கா! அது காலையிலேர்ந்து உன் கால்லதான் இருக்கு! ஓடு!"

குனிந்து பார்த்தேன். பட்டை இருந்தது. என் ஈரம், என் வியர்வை.

ஓடினேன். இருட்டிய பிறகு முடித்தேன். குதிகால் நன்றாகவே வலித்தது. முடிவில் ஒரு பெண் பட்டையைக் கழற்றக் குனிந்தாள். நானே கழற்றிக் கொடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்தேன்.

மறுநாள் படி இறங்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தபோது உன் கடிதங்களை வரிசையாகப் படித்தேன். ஒன்றிலும் நீ என்னைத் திரும்பி வா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. இந்த அறையைப் பிடித்திருக்கிறது. பெடல் இடிக்கிறது, பிடித்திருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் அதே ஏரியில் மூவர் அணிப் போட்டி, நம்முடைய பழைய தூரம். தம்பி தொப்பையோடு சைக்கிள் மிதிக்கச் சம்மதித்துவிட்டான். நான் நீந்துகிறேன். ஓட ஆள் இல்லை. நீ தரையில் எவ்வளவு மெதுவாக ஓடுவாய் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதற்காகத்தானே அந்தப் பேரே வைத்தேன்.

நீ தயாரா என்று நான் சோதிக்கப் போவதில்லை. நீயே முடிவு செய்துகொள். நான் நீந்தி முடித்ததும் மரத்தடிக்குப் போகப்போவதில்லை. வேலிப் பக்கம் வருவேன்.

மூன்றாவது ஆள் நிற்கும் இடத்தில் நிழல் கிடையாது. கதவுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி ஒன்று தொங்குகிறது. போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
குதிகால்