மூன்று பாகத் தூரம்

பாப்பாவுக்கு,

நீ விட்டுப்போன பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துவிட்டேன். திட்டாதே.

முதல் ரோல் முழுக்க மங்கல். வலைக்கயிறு அளந்த பழக்கத்தில் உன் அம்மாவை மூன்று பாகம் தள்ளி நிறுத்தி, லென்ஸ் வளையத்தையும் மூன்றில் வைத்தேன். அந்த எண் மீட்டராம். நம் இரு கை விரிப்புப் பாகம் இல்லையாம். கல்மண்டபம் ஸ்டுடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது எண்ணைப் பார்ப்பதே இல்லை. கண் வைக்கும் கண்ணாடிக்கு நடுவில் சின்ன மஞ்சள் கட்டம் இருக்கிறது. அதில் ஆள் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகிற வரை வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். அம்மாவின் மூக்குத்தியை வைத்துத்தான் பழகினேன்.

“பொண்ணு கல்யாணத்துக்கு வராத ஆளு, இப்போ இன்னாத்துக்குய்யா போட்டா புடிச்சிகினு கீற?” என்றாள். நான் பொத்தானை அழுத்திவிட்டேன். இரண்டாவது ரோலில் அவள் முறைப்புகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

மூன்றாவது ரோல் போட்டுவிட்டேன். இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்குத் திருவொற்றியூர் வருகிறேன். வாசல் வெளிச்சத்தில் நில். மாப்பிள்ளையையும் பக்கத்தில் நிற்கச் சொல். எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உன் நைனா