ஒரு ஊர் குறைந்த விடை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அப்பாவின் முதுகுப் புண் ஆறி வருவதாக எழுதியிருந்தாய். ஒற்றை ஆளாக அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை.

மாமா புது வேலை கிடைத்த ஊரில் உங்கள் இருவருக்கும் வீடு பார்த்து வைத்துவிட்டு, மூன்று மாதமாகத் தானே பொங்கித் தின்கிறார். இந்த மாதம் பட்டத்தோடு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ அவரிடம் கிளம்பலாம் என்று சொன்னவள் நான்தான். அது நடக்கவில்லை, அக்கா. ஏனென்று சொல்கிறேன்.

எட்டு ஊர்களைச் சுற்றிவர எது குறுகிய வழி என்ற கணக்கை, கம்ப்யூட்டர் இல்லாமல் சோதனைக் குழாயில் டி.என்.ஏ.வைக் கொண்டு போடுவதுதான் என் வேலை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இழைத் துண்டு; துண்டுகள் ஒட்டிச் சேர்ந்தால் ஒரு வழி. ஆனால் டி.என்.ஏ.வுக்கு எண் தெரியாது. அதனால் தூரத்தைப் பிடிப்பாக மாற்றினோம். தூரம் அதிகமென்றால் இழைகள் இறுக்கமாக ஒட்டும், குறைவென்றால் தளர்வாக. மெல்லச் சூடாக்கினால் எது முதலில் பிரிகிறதோ, அதுவே குறுகிய வழி.

விடை வந்தது. கட்டுரையும் எழுதியாயிற்று. போன வாரம் அந்த இழையை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். ஏழு ஊர்தான் இருந்தது. ஒன்றைத் தாண்டிக் குதித்துத் தப்பாக ஒட்டிய இழையும் தளர்வாகத்தான் இருக்கும், முந்திக்கொண்டு பிரியும். அதைத்தான் நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம்.

பேராசிரியரிடம் ஓடினேன். "ஒரு ஊரு விட்டுப்போச்சுன்னா குடியா முழுகிடும்? பேசாம கட்டுரையில கையெழுத்துப் போடும்மா. அடுத்த வாரமே வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவர் சம்மதிக்காமல் பட்டமில்லை. வேறு ஆய்வகத்துக்கு மாறவும் அவர்தான் கடிதம் தரவேண்டும்.

ஜன்னலே இல்லாத அறை இது. குளிர்பெட்டிகளின் இரைச்சல் ஓயாது. இரண்டு நாள் அந்தத் தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னை நினைத்து இரண்டு முறை பேனாவை எடுத்தேன். கடைசியில், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப முதல்லேருந்து செய்" என்றார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு வருடமாவது ஆகும்.

மாட்டேன் என்றது நான். அடைபட்டுக் கிடக்கப்போவது நீயும்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உனக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டேன்.

மாமாவுக்கு நானே எழுதுகிறேன். அவரிடம் நீ எதுவும் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம். என்னைப் பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அக்கா.

உன் தங்கை