லேமினேட் செய்த வீட்டுப் பத்திரம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி இப்போது கேட்காதே. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் நான் திட்டுவதைத் தாங்க முடியும்.

நீ அனுப்பிய கவர் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், கேள்வி கேட்க வேண்டாம் என்று துண்டுச் சீட்டு வேறு. முப்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன், ஊரார் பத்திரத்தையே படித்துவிட்டுத்தான் நகல் எடுப்பேன், பெற்ற பிள்ளை அனுப்பியதைப் படிக்காமல் விடுவேனா. நாங்கள் குடியிருக்கிற உன் வீட்டை எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே விற்று, முழுப் பணமும் வாங்கிவிட்டதாக எழுதிப் பழைய தேதி போட்டிருக்கிறாய். நீ வந்து அதை என் பேருக்குச் சும்மா எழுதி வைத்தது மூன்று மாதத்துக்கு முன்னால்தானே.

எதிர் ஆபீஸ் வக்கீலம்மா நகல் எடுக்க வந்தபோது காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பையன் கடன்ல முங்கிட்டாரும்மா, திவால் மனு போடறதுக்கு முன்னாடி வீட்டை ஒளிக்கப் பாக்கறார், இப்பச் சும்மா கொடுத்ததைக் கோர்ட்டு ரத்து பண்ணிடும்னுதான் பழைய தேதில வித்தமாதிரி எழுதியிருக்கார், இதுல கையெழுத்துப் போட்டா நீங்களும் சேந்து கோர்ட்டுல நிக்கணும்" என்றார். மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அசல் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள் என்று கடையில் போர்டு மாட்டியிருப்பவள் நான். மூன்று மாதத்துக்கு முன்னால் பிள்ளை ஆசையாக எழுதிக் கொடுத்தான் என்று அந்த அசல் பத்திரத்தை இருப்பதிலேயே தடித்த பிளாஸ்டிக்கில் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். அதிலுள்ள தேதி தெருவுக்கே மனப்பாடம். அப்பா, "நம்ம தலையிலயே மிளகா அரைச்சிட்டானே" என்றார்.

ஒரு கிரெடிட் கார்டுக் கடனை அடைக்க இன்னொன்று என்று ஐந்து கார்டு வாங்கிய கதையை மருமகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். வக்கீலம்மாவிடம் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன். பாங்கோடு பேசி வட்டியைக் குறைத்துத் தவணை போடலாமாம், சம்பளம் வருகிறவனுக்கு முடிந்ததைச் சில வருஷம் கட்டும்படி கோர்ட்டே ஏற்பாடு செய்யுமாம், அதற்கும் வழியில்லாதவனுக்குத்தான் திவால் மனுவாம். அதில் இருப்பதையெல்லாம் காட்ட வேண்டும், தொழில் சாமான், கட்டில், பாத்திரம் போக மற்றதை விற்றுப் பங்கிட்டு மீதிக் கடனைத் தள்ளிவிடுவார்கள், கொஞ்ச வருஷம் யாரும் கடன் தர மாட்டார்கள், அது உனக்கு நல்லதுதான். கடனுக்காக ஜெயில் இல்லையாம், ஒளித்தால்தான் ஜெயிலாம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடன் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல உனக்கு எத்தனை வருஷமடா வேண்டும்?

நீ அனுப்பியதைக் கிழித்துவிட்டேன். வீட்டைத் திரும்ப உன் பேருக்கே மாற்ற வக்கீலம்மா பேப்பர் தயார் செய்கிறார், மனுவில் அதைக் காட்டு. போனால் போகட்டும். கடையின் பின்னறையில் பேப்பர்க் கட்டுகளை ஒதுக்கினால் இரண்டு பேர் படுக்கலாம், அளந்து பார்த்துவிட்டோம், அப்பாதான் காலைக் கொஞ்சம் மடக்க வேண்டும்.

கோபம் தீரவில்லை, ஆனாலும் நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாயில் வருகிறது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒன்று விடாமல் உன் கையாலேயே எழுதி இந்த வாரமே அனுப்பு, மறக்காதே. அதை நான் லேமினேட் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டி ஓயாத
அம்மா